சூரியசக்தி: மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளிலும் வயல்களிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய பக்கம் எழுவான்கரை. மேற்கே, வயலும் குளமும் காடுமாய் இருப்பது படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை என்று வெயிலை வைத்தே நிலத்துக்குப் பெயர் வைத்த ஆட்கள் நாங்கள். ஆனாலும் கூரையில் ஒரு பெனல் ஏறியதும் நூறு சந்தேகம் வந்துவிடுகிறது.

வயரிங் வேலைக்குப் போகும் வீடுகளிலும் தேத்தண்ணிக் கடைகளிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளும். அவை நானே பணத்தையும் தூக்கத்தையும் இழந்து படித்த பாடங்கள்.

சூரியசக்தி என்றால் கூரையில் வைக்கும் பெனல் மட்டும்தானா?

இல்லை. கடற்கரையில் கருவாடு காய்வதும், அறுவடை முடிந்ததும் தெருவோரம் நெல் காய்வதும் சூரியசக்திதான். இங்கினியாகலையில் கல்லோயா அணைக்கட்டின் கீழ் 1950களிலிருந்து சுழலும் நீர்மின் நிலையம்கூடச் சூரியன் செய்த வேலையின் மிச்சம்தான். கடல் நீரை ஆவியாக்கி மேலே தூக்கியது அந்த வெயில்தானே.

மனிதர் நேரடியாகப் பயன்படுத்தும் வழி இரண்டு. ஒன்று, வெயிலின் சூட்டை எடுத்துக் காயவைப்பது, தண்ணீர் சுடவைப்பது. மற்றது, வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றுவது. கடையில் "சோலார்" என்று கேட்டால் இரண்டாவதைத்தான் காட்டுவார்கள். முதலாவதுக்கு விளம்பரம் கிடையாது, அதில் விற்பதற்குப் பெரிதாக எதுவும் இல்லை.

பெனலுக்குள்ளே என்ன நடக்கிறது?

மணலிலிருந்து எடுத்துச் சுத்தப்படுத்திய சிலிக்கன் தகடு அது. இரண்டு விதமான கலப்புச் சேர்த்த படைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். வெளிச்சம் பட்டதும் உள்ளே இருக்கும் இலத்திரன்கள் இடம்பெயர்கின்றன. இரு படைகளும் சந்திக்கும் எல்லை அவற்றை ஒரு பக்கமாகத் தள்ளிவிடுகிறது. அப்படித் தள்ளப்பட்ட ஓட்டம்தான் மின்சாரம். ஒரு கலம் அரை வோல்ட்டுக்குச் சற்று மேலேதான் தரும். அதனால்தான் பல கலங்களைத் தொடராகக் கோத்துப் பெனலாக்குகிறார்கள். வருவது பற்றரியில் வருவதைப் போன்ற நேரோட்டம், அதாவது டிசி. அதை வீட்டுக்கு வேண்டிய 230 வோல்ட் ஆடலோட்டமாக மாற்றுவது இன்வேட்டர்.

வெளிச்சத்தால் மின்சாரம் பிறக்கும் என்பதைப் பிரான்சில் பெக்கரல் 1839இலேயே கண்டுவிட்டார். உருப்படியாக வேலை செய்யும் முதல் சிலிக்கன் கலம் 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வந்தது. விழுந்த வெயிலில் ஆறு வீதத்தை மட்டும் அது மின்சாரமாக்கியது. இன்று சாதாரணமாக விற்கும் பெனல் இருபதிலிருந்து இருபத்திமூன்று வீதம் வரை மாற்றுகிறது.

எங்கள் பக்கம் வெயில் கொளுத்துகிறதே, சூடு கூடக் கூட கரண்டும் கூடுமா?

குறையும்! இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. பெனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்குப் பகை. பெனலின் பின்னால் ஒட்டியிருக்கும் அளவு, 25 பாகை செல்சியஸில் சோதித்துப் பார்த்த அளவு. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 வீதம் போய்விடும். கச்சான் என்ற தென்மேல் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் நடுப்பகலில் பெனல் 65 பாகை வரை சுடும். அப்போது 14 வீதம் அளவுக்கு இழப்பு. மாரி ஓய்ந்து வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கும் மாசி, பங்குனி நாட்களில் நல்ல உற்பத்தி வரும்.

இதற்கு மருந்து காற்றோட்டம். பெனலைத் தகரத்தோடு ஒட்டிப் படுக்கவைக்காமல் ஒரு சாண் இடைவெளி விட்டால் அடியில் காற்று ஓடும்.

ஒரு கிலோவாட் போட்டால் எத்தனை யூனிட் வரும்?

யூனிட் என்பது கரண்ட் பில்லில் வரும் ஒரு கிலோவாட் மணி. ஒரு கிலோவாட் என்பது இன்றைய பெரிய பெனலில் இரண்டு. ஐந்து சதுர மீற்றர் இடம் வேண்டும். நிழல் இல்லாத கூரையில் ஒரு நாளைக்குச் சராசரி நான்கு யூனிட், மாதத்துக்கு 110 முதல் 125 யூனிட் வரை எதிர்பார்க்கலாம். யாராவது 160, 170 என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

இது வருடச் சராசரி என்பது முக்கியம். வாடைக் காற்றோடு மாரி இறங்கும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் மூன்று நாள் நான்கு நாள் சூரியனையே காணக் கிடைக்காது. கரு முகில் மூடிய நாளில் வழக்கமான உற்பத்தியில் பத்திலொரு பங்குதான் வரும் என்றால் வியப்படைய வேண்டாம். முழுவதும் பற்றரியை நம்பி இருப்பவர்கள் கணக்குப் போட வேண்டியது இந்த மாதங்களை வைத்துத்தான், சித்திரை வெயிலை வைத்து அல்ல.

எந்தத் திசை பார்த்து வைக்க வேண்டும்?

மட்டக்களப்பு நகரம் பூமத்திய கோட்டிலிருந்து 7.7 பாகை வடக்கே இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டுக்கு நான்கைந்து நாள் முன்னும், செப்டெம்பர் முதல் வாரத்திலும் நண்பகலில் சூரியன் நேரே உச்சியில் நிற்கும். வளவில் நடப்பட்ட கம்பத்தின் நிழல் அதன் காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும், பார்த்திருப்பீர்கள். இடைப்பட்ட மாதங்களில் சூரியன் நண்பகலில் வடக்கே சாய்ந்திருக்கும், மற்ற மாதங்களில் தெற்கே. அதனால் தெற்குப் பார்த்த 10 பாகைச் சரிவு நல்லது. கூரை கிழக்கு மேற்காகச் சரிந்திருந்தாலும் தலையில் கை வைக்கத் தேவையில்லை, இழப்பு சிறிதுதான். முழுத் தட்டையாக மட்டும் வைக்காதீர்கள். மழை தூசியைக் கழுவிக்கொண்டு ஓடச் சரிவு வேண்டும்.

திசையைவிடப் பெரிய சங்கதி நிழல். பெனலில் கலங்கள் தொடராகக் கோக்கப்பட்டிருப்பதால் ஒரு மூலையில் விழும் நிழல் முழு வரிசையையும் இழுத்துப் பிடிக்கும். வாய்க்கால் ஓரிடத்தில் அடைத்தால் கீழே உள்ள வயல் முழுதும் காய்வதைப் போல. என் வீட்டில் முதல் தடவை பெனல் போட்டபோது பக்கத்து வளவுத் தென்னை மூன்று மணிக்குப் பிறகு ஓலையை நீட்டும் என்பதைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். வயரிங் வேலை செய்பவன் நான்! ஆறு மாதம் கழித்து மீற்றரைப் பார்த்துத்தான் புரிந்தது. மரத்தை வெட்டச் சொல்ல மனம் வரவில்லை. பெனலைத்தான் கழற்றி மாற்றினேன்.

கரண்ட் போனால் எங்கள் வீட்டில் மட்டும் லைட் எரியும், அப்படித்தானே?

இந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் தெரியாமல் பணம் கொடுத்தவர்கள் ஏராளம். மின்சார சபை லைனோடு இணைத்த, பற்றரி இல்லாத சாதாரண சோலாராக இருந்தால், கரண்ட் போன கணமே அதுவும் நின்றுவிடும். உச்சி வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் நிற்கும்.

இது பழுது அல்ல, பாதுகாப்பு. லைன் அறுந்துபோய் மின்சார சபை ஆட்கள் கம்பத்தில் ஏறி வேலை செய்யும்போது உங்கள் கூரையிலிருந்து மின்சாரம் வெளியே போனால் மேலே இருப்பவரின் உயிர் போகும். அதனால் லைனில் மின்சாரம் இல்லை என்று தெரிந்ததும் இன்வேட்டர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அதோடு, இந்த வகை இன்வேட்டர் லைனின் தாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஆடும். லைன் இல்லாவிட்டால் அதற்கு ஆடத் தெரியாது.

2022இல் எரிபொருள் இல்லாமல் நாடு திண்டாடியபோது நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அந்த நாட்களில் கூரை நிறையப் பெனல் வைத்தவர்கள் பனையோலை விசிறியோடு திண்ணையில் இருந்ததைக் கண்டிருக்கிறேன். கரண்ட் போகும் நேரத்திலும் வேண்டுமென்றால் பற்றரியோடு வேலை செய்யும் ஹைபிரிட் இன்வேட்டர் வேண்டும். லைனே இல்லாத இடத்துக்கு முழுக்கத் தனித்து நிற்கும் அமைப்பு வேண்டும். மூன்றும் மூன்று சாமான், மூன்று விலை. எது வேண்டும் என்று வாங்கும் முன்பே முடிவெடுங்கள்.

மிச்ச மின்சாரத்தை மின்சார சபைக்கு விற்கலாமா? எவ்வளவு தருவார்கள்?

விற்கலாம். மூன்று முறைகள் பேசப்படுகின்றன. நெட் மீட்டரிங் முறையில் பணம் கிடையாது. நீங்கள் லைனுக்குக் கொடுத்த யூனிட்டும் எடுத்த யூனிட்டும் கழிபடும், மிச்சம் அடுத்த மாதத்துக்குப் போகும். நெட் அக்கவுண்டிங் முறையில் மிச்சத்துக்குப் பணம். நெட் பிளஸ் முறையில் உற்பத்தி முழுவதும் லைனுக்குப் போகும், அதற்குத் தனிக் கணக்கு. உங்கள் வீட்டுப் பாவனைக்கு வழக்கமான பில்.

2016இல் அரசாங்கம் கூரை சோலாரை ஊக்குவிக்கத் தொடங்கியபோது, 20 வருட ஒப்பந்தத்தில் முதல் ஏழு வருடம் யூனிட்டுக்கு 22 ரூபா, மறுகா 15 ரூபா 50 சதம் என்று வைத்தார்கள். அதன் பின் புதிதாகச் சேர்பவர்களுக்கான விலை பல தடவை ஏறி இறங்கிவிட்டது. ஆகையால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் விலை உங்களுக்கும் கிடைக்கும் என்று எண்ணிக் கடன் எடுக்காதீர்கள். விண்ணப்பிக்கும் நாளில் என்ன விலை என்று பிரதேச மின்சார சபைக் காரியாலயத்தில் நேரே கேளுங்கள்.

சூரியன் இலவசம் என்கிறார்கள், பிறகு ஏன் சோலாரை அணைக்கச் சொன்னார்கள்?

நல்ல கேள்வி. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், ஏப்ரல் 13 முதல் 21 வரை, பிற்பகல் 3 மணி வரைக்கும் கூரை சோலாரை அணைத்து வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. தொழிற்சாலையும் அலுவலகமும் பூட்டியிருக்க, கூரைகளிலிருந்து மின்சாரம் கொட்டியது. வாங்க ஆள் இல்லை. மின்சாரத்தை அந்தந்தக் கணமே செலவழிக்க வேண்டும், இல்லையேல் லைனின் சமநிலை குலையும்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுதும் இருண்டது நினைவிருக்கும். குரங்கைப் பற்றி எல்லோரும் சிரித்தோம். ஞாயிறு பகல், தேவை குறைவு, சோலார் நிறைய, பாரத்தோடு சுழன்று லைனைத் தாங்கிப் பிடிக்கும் பெரிய இயந்திரங்கள் கொஞ்சம். அந்த நிலையில் ஒரு சிறு அதிர்ச்சியைத் தாங்க லைனுக்குத் தெம்பு இருக்கவில்லை.

மாலை ஆறரைக்கு மேல் கதை தலைகீழ். சூரியன் படுவான்கரையில் இறங்கிய பிறகுதான் வீடுகளில் லைட், ஃபேன், டிவி, அடுப்பு எல்லாம் ஓடும். வெயில் இருக்கும் நேரத்துக்கும் நமக்குத் தேவைப்படும் நேரத்துக்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளிதான் சூரியசக்தியின் முழுச் சிக்கலும். கீழே நான் சொல்லும் யோசனைகளில் பாதி, வேலையைப் பகலுக்கு இழுப்பது எப்படி என்பதைப் பற்றியதே.

எங்கள் வீட்டுக்கு எத்தனை கிலோவாட் போதும்?

கடந்த பன்னிரண்டு மாத கரண்ட் பில்லை எடுங்கள். யூனிட்டைக் கூட்டிப் பன்னிரண்டால் பிரியுங்கள். அதை 115ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். மாதம் 230 யூனிட் என்றால் இரண்டு கிலோவாட். முடிந்தது கணக்கு.

ஆனால் அதற்கு முன் பில்லைக் குறைத்துப் பாருங்கள். பழைய கூரை ஃபேன் 70 வாட் எடுக்கும். இப்போது வரும் பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டில் அதே காற்றைத் தரும். கச்சான் காலத்தில் நாளுக்குப் பதினைந்து மணி நேரம் மூன்று ஃபேன் சுழலும் வீட்டில் இது மட்டும் மாதம் 54 யூனிட் மிச்சம். அரை கிலோவாட் சோலார் தருவதற்குச் சமம். கூரையில் ஏறாமலே கிடைத்தது! மறுகா, உடுப்பு மினுக்குவது, தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றுவது, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாவற்றையும் காலை பத்துக்கும் பின்னேரம் மூன்றுக்கும் இடையில் முடியுங்கள்.

மாதம் 60 யூனிட்டுக்குக் கீழே பில் வரும் வீட்டுக்கு நான் சோலார் போடச் சொல்வதில்லை. போட்ட காசு திரும்ப நெடுங்காலம் எடுக்கும். விற்பவர் கோபிப்பார், பரவாயில்லை.

பற்றரி எது வாங்குவது?

12 வோல்ட், 100 அம்பியர் மணி என்று எழுதியிருந்தால் அதற்குள் 1.2 யூனிட் இருக்கிறது என்று அர்த்தம். ஈய அமிலப் பற்றரியில் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். ஆக 0.6 யூனிட்தான் உங்களுடையது. லிதியம் இரும்பு பொஸ்பேட் பற்றரியில் எண்பது, தொண்ணூறு வீதம் வரை எடுக்கலாம், ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்கலாம். விலை கூடத்தான். ஆனால் ஈயப் பற்றரியை மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் செலவைப் போட்டுப் பார்த்தால் கடைசியில் லிதியம் மலிவு. வாகனத்தில் கழற்றிய பற்றரியைச் சோலாருக்குப் போடும் பழக்கத்தை மட்டும் விடுங்கள். அது ஒரு நொடி பலமாகத் தள்ளி இயந்திரத்தைக் கிளப்பச் செய்தது, இரவு முழுக்க மெதுவாக உழைக்கச் செய்தது அல்ல.

கரண்ட் இல்லாத வயல்வாடிக்குச் சின்னதாக ஏதாவது?

100 வாட் பெனல் ஒன்று, பற்றரி அளவுக்கு மீறி ஏறாமல் காக்கும் சார்ஜ் கன்ட்ரோலர் ஒன்று, லிதியம் பற்றரி ஒன்று. நாளுக்கு 300 வாட் மணி நம்பி எடுக்கலாம். 9 வாட் எல்இடி மூன்று ஐந்து மணி நேரம் எரிந்தால் 135. 15 வாட் டிசி ஃபேன் எட்டு மணி நேரம் சுழன்றால் 120. இரண்டு போன் சார்ஜ் ஆக 30 வரும். கூட்டினால் 285. சரியாக அடங்கிவிட்டது. இன்வேட்டர் தேவையில்லை, எல்லாமே 12 வோல்ட்டில் ஓடும் சாமான். பரணில் இரவுக் காவல் இருப்பவர்களுக்கும், வாவியில் தோணியோடு போகிறவர்களுக்கும் மண்ணெண்ணெய்ச் செலவு அப்படியே மிச்சம்.

கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கச் சோலார் சரிவருமா?

என்னைக் கேட்டால் நம் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாவனை வேறில்லை. வெயில் கூடும் நாளில்தான் பயிருக்குத் தண்ணீர் கூட வேண்டும். மழை நாளில் மோட்டரும் ஓடாது, தண்ணீரும் தேவையில்லை. பற்றரியும் வேண்டாம். தாங்கியே பற்றரி, பகலில் நிரப்பி வைத்தால் அந்தியில் திறந்துவிடலாம்.

கணக்கைப் பாருங்கள். 10,000 லீற்றர் தண்ணீரைப் பத்து மீற்றர் உயரத்துக்கு ஏற்ற, இயற்கை கேட்பது 0.27 யூனிட் மட்டும். மோட்டரிலும் குழாயிலும் பாதிக்கு மேல் வீணானாலும் 0.7 யூனிட். நல்ல வெயிலில் 300 வாட் பெனல் ஒன்று ஒரு நாளில் தருவது அதைவிடக் கூட. கச்சான் (நிலக்கடலை), மிளகாய், கத்தரி, வெங்காயம் என்று மேட்டுப்பயிர் செய்யும் தோட்டத்துக்கு இது கட்டுப்படியாகும். சிறுபோகத்தில் ஏக்கர் கணக்கில் நெல்லுக்குப் பாய்ச்ச வேண்டுமென்றால் அது வேறு அளவு, குளத்து நீரையே நம்புங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மண்ணெண்ணெய் மோட்டருக்குக் காசு போகும் என்று பயந்து நிறுத்துவோம். சோலார் மோட்டரை நிறுத்த யாருக்கும் மனம் வராது. களுவாஞ்சிகுடி, காரைதீவு, திருக்கோவில் போன்ற கடலோர மணல் நிலத்தில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழே உள்ள உப்பு மேலே ஏறும். ஏறிய உப்பு இறங்க எத்தனை மாரி வேண்டுமோ. தாங்கி நிரம்பினால் தானே நிற்கும் மிதவைச் சுவிட்ச் ஒன்றைக் கட்டாயம் போடுங்கள்.

யானை வேலிக்கு ஏன் சோலார்? நேரே கரண்டைக் கொடுத்தால் என்ன?

கொடுத்தால் கொலை. யானையும் சாகும், மாடும் சாகும், விடியற்காலையில் வயலுக்குப் போகும் உங்கள் மகனும் சாவான். சட்டப்படியும் குற்றம்.

சோலார் யானை வேலியில் ஓடுவது வேறு சங்கதி. பெனல் பகலில் 12 வோல்ட் பற்றரியை நிரப்புகிறது. எனர்ஜைசர் என்ற பெட்டி அதை 5,000 வோல்ட்டுக்கு மேலே உயர்த்தி, நொடிக்கு ஒரு தடவை மட்டும், கண் சிமிட்டுவதைவிட மிகக் குறுகிய துடிப்பாகக் கம்பியில் விடுகிறது. தொட்டால் சுருக்கென்று அடிக்கும், விட்டுவிட்டு வருவதால் கையை எடுத்துக்கொள்ள இடைவெளி கிடைக்கும். வலியால் விரட்டுவதுதான் நோக்கம்.

வெல்லாவெளி, வவுணதீவு, கிரான் பக்கங்களில் யானைத் தொல்லை என்னவென்று அனுபவித்தவர்களுக்கே தெரியும். வேலி போட்டுவிட்டுப் போனால் போதாது. மாரிக்குப் பிறகு புல்லும் கொடியும் கம்பியைத் தொடும், தொட்ட இடமெல்லாம் மின்சாரம் மண்ணுக்குள் கசியும், வேலி வெறும் கம்பியாகிவிடும். யானை மடையன் அல்ல. மரத்தைச் சாய்த்துக் கம்பிமேல் போடும், தந்தம் உள்ளது தந்தத்தால் கம்பியைத் தூக்கும், ஏனென்றால் தந்தத்தில் மின்சாரம் ஏறாது. கிழமைக்கு ஒருமுறை வேலியோரம் நடந்து புல் வெட்ட ஆள் இல்லாத ஊரில் வேலிக்குச் செலவழிப்பது வீண்.

கருவாடு, நெல் காயவைக்கச் சூரிய உலர்த்தி நல்லதா?

கருவாட்டுக்கு நல்லது. மூங்கில் அல்லது இரும்புச் சட்டம், மேலே தெளிவான பொலித்தீன், கீழே காற்று நுழைய ஒரு வாய், மேலே வெளியேற ஒரு வாய், அவ்வளவுதான். மண் ஒட்டாது, இலையான் மொய்க்காது, தூறல் வந்தால் அள்ளிக்கொண்டு ஓடத் தேவையில்லை. முதல் நாளே சூட்டைக் கூட்டாதீர்கள். வெளிப்புறம் இறுகி உள்ளே ஈரம் அடைபட்டுவிடும், மறுகா பூஞ்சணம்.

நெல்லுக்கு ஈரம் 14 வீதத்துக்கு இறங்க வேண்டும். விதைநெல்லை மட்டும் 43 பாகைக்கு மேல் சூடாக விடாதீர்கள், முளைப்பு குறையும். தார் ரோட்டில் நடுப்பகலில் பரப்பிய விதைநெல் ஏன் சரியாக முளைப்பதில்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுத் தண்ணீரை வெயிலில் சுத்தப்படுத்தலாமாமே?

ஆம், கொதிக்கவைக்க விறகும் காஸும் இல்லாதபோது. கீறல் விழாத, நிறமற்ற, இரண்டு லீற்றருக்கு மேற்படாத பிளாஸ்டிக் போத்தலில் தெளிந்த தண்ணீரை நிரப்பி, தகரத்தின் மேல் படுக்கையாக வையுங்கள். நல்ல வெயிலில் ஆறு மணி நேரம், முகில் மூடியிருந்தால் இரண்டு நாள். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் கிருமிகளைக் கொல்லும். கலங்கல் தண்ணீரில் கதிர் உள்ளே போகாது, முதலில் துணியில் வடித்துத் தெளியவிடுங்கள். உப்பையும் பூச்சிமருந்தையும் இது எடுக்காது. தொடர்ந்து மழை பெய்யும் நாளில் இதை நம்ப வேண்டாம்.

கடலோர வீடு. உப்புக் காற்றும் புயலும் தாங்குமா?

கண்ணாடி தாங்கும், ஆணிதான் தாங்காது. கல்லடி, காத்தான்குடி, கல்முனை, பொத்துவில் என்று கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பவர்கள் அலுமினியச் சட்டமும் துருப்பிடிக்காத எஃகு ஆணியும் கேளுங்கள். சாதாரண இரும்பு ஆணியை அலுமினியத்தில் முறுக்கினால் உப்பு ஈரத்தில் ஆணி துருப்பிடிக்கும், அது தொடும் இடத்தில் அலுமினியமும் அரிபடும். உப்புப் பனிச் சோதனையில் தேறிய பெனலா என்றும் கேட்கலாம்.

1978 நவம்பர் 23 இரவின் சூறாவளியைப் பார்த்த மூத்தவர்களுக்குக் காற்று கூரையை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. சட்டத்தைச் சலாகையிலோ தகரத்திலோ பூட்டாமல் கைமரத்தில் பூட்ட வேண்டும். கூரை விளிம்பில் காற்று பிய்க்கும் வேகம் கூட, அதனால் ஓரத்தில் ஒள்ளுப்பம் இடம் விட்டு உள்ளே தள்ளி வையுங்கள். அஸ்பெஸ்டஸ் சீட் கூரையென்றால் அதன்மேல் நடப்பதும் துளைப்பதும் ஆபத்து. சீட் உடையும், அந்தத் தூசு நெஞ்சுக்குக் கேடு.

இடி, மின்னல்?

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி நமக்குப் பழக்கம். மின்வீச்சைத் தடுக்கும் எஸ்பிடி, நல்ல எர்த் இரண்டும் வேண்டும். காய்ந்த மணலில் ஒரு குறுங்கம்பியை இறக்கிவிட்டு எர்த் என்று சொன்னால் ஏற்காதீர்கள், ஈரம் தொடும் ஆழம் வரை இறங்க வேண்டும். இறக்கியபின் மீற்றரால் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

எப்படிக் கழுவுவது?

விடியலில், கண்ணாடி சுடுவதற்கு முன், மெல்லிய துணியால். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பென்றால் காய்ந்த பின் வெள்ளைப் படலம் நிற்கும், மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதுதான் நல்லது. மாரியில் கழுவவே தேவையில்லை. காகத்தின் எச்சம் மட்டும் மழைக்கும் அசையாது, தேய்க்கத்தான் வேண்டும்.

பறுவ நிலவில் கரண்ட் வருமா?

ஒரு பிள்ளை கேட்டது. முழுநிலவின் வெளிச்சம் சூரியனில் நான்கு இலட்சத்தில் ஒரு பங்கு. ஐந்து கிலோவாட் கூரைக்கு 0.0125 வாட் கணக்கு வரும், அதில் இன்வேட்டர் கண்ணே திறக்காது. கல்லடிப் பாலத்தில் நின்று பாடும் மீனுக்குக் காது கொடுப்பவர்களுக்கு அந்த வெளிச்சம் தாராளம்.

விற்க வருபவரிடம் என்ன கேட்க வேண்டும்?

பெனலுக்கு 25 வருடம் என்பார்கள். அது பெரும்பாலும் உற்பத்தி அளவுக்கான உத்தரவாதம். வருடத்துக்கு அரை வீதம் போலக் குறைந்து, 25ஆவது வருடத்திலும் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் தர வேண்டும். இன்வேட்டருக்குத் தனி உத்தரவாதம், அது பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஒருமுறை மாறும் என்று இப்போதே கணக்கில் வையுங்கள். பழுதென்றால் ஆள் எங்கிருந்து வருவார், எத்தனை நாளில் வருவார் என்பதை எழுதி வாங்குங்கள். என் உறவினர் வீடொன்றில் இன்வேட்டர் நின்று, விற்றவர் வந்து பார்க்க இரண்டு மாதம் ஆனது. அதுவரை கடன் தவணை மட்டும் தவறாமல் போனது.

கடைசியாக, வேலை முடிந்த அன்றே பெனல் பக்கத்து டிசி சுவிட்ச் எது, லைன் பக்கத்து சுவிட்ச் எது, எதை முதலில் அணைப்பது என்று காட்டித் தரச் சொல்லுங்கள். மெயின் சுவிட்சை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை பெனல் கம்பிகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். வீட்டுக்காரர் கட்டாரில், பில்லும் பழுதும் பார்ப்பது மனைவியும் உம்மாவும் என்றுள்ள வீடுகள் நம்மிடையே நிறைய. ஆகவே வீட்டில் இருக்கும் ஆளுக்குத்தான் அதைக் காட்ட வேண்டும். சுவிட்சின் மேல் தமிழில் பெயர் எழுதி ஒட்டிவிட்டுத்தான் நான் ஏணியை எடுப்பேன்.